உடம்பு பழகிடும் என்கிறார்கள்

"ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு. உடம்பு பழகிடும்." பார்சல் குடோனுக்குப் புதுசாக வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் எல்லாரும் சொல்கிற வார்த்தை இது. சூப்பர்வைசர் சொல்கிறான். கூட வேலை செய்கிறவன் சொல்கிறான். பெத்த தாயும் தைலத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இதையேதான் சொல்கிறாள். மூன்று பேரும் ஒரே அர்த்தத்தில் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் மூன்று பேர் வாயிலும் ஒரே பேச்சு எப்படி வந்து உட்கார்ந்தது? உடம்பு பழகிப்போவது நல்லதுதானா? தாங்கிக்கொள்வது ஓர் அறமா? அறம் என்றால் அது யாருக்கு விதிக்கப்பட்ட அறம்?

சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம், மாதவரம் பக்கமெல்லாம் பெரிய பெரிய தகரக் கொட்டகைகள் எழும்பியிருக்கின்றன. செல்போனில் விரலால் தொட்டால் சாமான் வீடு தேடி வருகிற வியாபாரத்தின் பின்கட்டு இது. இங்கே லாரியிலிருந்து பெட்டியை இறக்க வேண்டும், பின்கோடு பார்த்துப் பிரிக்க வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு நாலு மணி, நாலரை மணி நேர ஷிப்டும் உண்டு. ‘பார்ட் டைம்’ என்று பேர்.

எங்கள் காலனியிலிருந்து அப்படிப் போகிற ஒரு பையன் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறான். பகலில் கல்லூரி. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் குடோன். முதல் நாள் அரை மணி நேரம் ஒரு வீடியோ காட்டினார்களாம். முட்டியை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே, பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடி, கனமென்றால் இன்னொருத்தரைக் கூப்பிடு. அப்புறம் 32 அடி லாரிக்குள் ஏற்றிவிட்டார்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டி. உள்ளே காற்று கிடையாது. எதிரே பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீடியோவில் காட்டியபடி ஒவ்வொரு பெட்டிக்கும் முட்டியை மடக்கி எழுந்தால் பெல்ட் காலியாக ஓடும். காலியாக ஓடினால் வெளியிலிருந்து சத்தம் வரும். "வீடியோ ஒரு மாதிரி தூக்கச் சொல்லுது, பெல்ட்டு வேற மாதிரி தூக்கச் சொல்லுது. நான் எதைக் கேக்கறதுண்ணா?" என்று என்னிடம் கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டி சராசரியாக 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 300 பெட்டி. நாலு மணி நேரத்தில் 1200 பெட்டி. மொத்தம் 9600 கிலோ. ஏறக்குறைய பத்து டன். ஒரு பத்தொன்பது வயசுப் பையனின் இடுப்பைத் தாண்டி ஒரு ராத்திரியில் பத்து டன் போகிறது. ஆனால் எந்தப் பெட்டியைத் தனியாகக் காட்டினாலும் "இது ஒரு கனமா?" என்று கேட்டுவிடலாம். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1991இல் தூக்கும் சுமைக்கு ஒரு சூத்திரம் திருத்திக் கொடுத்தது. எல்லாம் வசதியாக அமைந்தால் 23 கிலோ தூக்கலாம் என்று அது ஆரம்பிக்கிறது. பெட்டி உடம்பிலிருந்து எட்ட இருந்தால் குறைக்கணும். தரையிலிருந்து எடுத்தால் குறைக்கணும். இடுப்பைத் திருப்பினால் குறைக்கணும். நிமிஷத்துக்கு இத்தனை தடவை என்று எண்ணிக்கை ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வரணும். அதாவது கனம் பெட்டிக்குள் மட்டும் இல்லை, வேகத்திலும் இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுசில்லை. மயிலிறகானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் சொல்லியிருக்கிறார். வகுப்பில் அதை அரசனுக்குச் சொன்ன புத்தி என்று படித்தோம். பகைவனின் பலத்தைக் குறைவாக எடைபோடாதே என்று உரை எழுதினோம். அச்சாக இருக்கிறவனின் பக்கத்திலிருந்து அந்தக் குறளைப் படிக்க யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

சட்டமும் பெட்டியைத்தான் பார்த்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குக் கனமான சுமையை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. 55ஆம் பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணியாவது ஓய்வு கொடு என்றது. நல்ல விதிகள்தான். ஆனால் நாலரை மணி ஷிப்டு போட்டால் அந்த அரை மணிக்கான கட்டாயமே வராது. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பேர் மாறினாலும் கேள்வி மாறவில்லை. எட்டு மணி நேரத்து வேலையை நாலு மணி நேரத்துக்குள் திணித்துவிட்டு அதற்குப் பகுதி நேரம் என்று பேர் வைத்தால், பகுதியானது நேரமும் கூலியும் மட்டுந்தான். முதுகு முழுசாகத்தான் போகிறது.

இனி இந்தப் ‘பழகிடும்’ என்ற சொல்லுக்கு வருவோம்.

நம் சனத்தைப் பற்றி ஊரில் சொல்லப்பட்ட பாராட்டு ஒன்றே ஒன்றுதான். "அவனுங்க உடம்பு இரும்பு. வெயிலு மழைக்கு ஒண்ணும் ஆவாது." அறிவு இருக்கிறது என்று சொல்லவில்லை. அழகு இருக்கிறது என்று சொல்லவில்லை. தாங்குவான் என்று மட்டும் சொன்னார்கள். தாங்குவான் என்று சொன்னதால்தான் மேலும் மேலும் ஏற்ற முடிந்தது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைத்த ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதினார். அந்த அடுக்கு நிற்பதற்கு ஒரு நம்பிக்கை தேவைப்படுகிறது. கீழே இருக்கிறவனுக்கு வலி குறைச்சல் என்ற நம்பிக்கை. அவன் உடம்பு வேறு உடம்பு என்ற நம்பிக்கை. இதை அடுத்தவர்கள் நம்பினார்கள் என்பது ஒரு கொடுமை என்றால், நாமும் அதைப் பெருமையாக எடுத்துப் பேசத் தொடங்கியது இன்னொரு கொடுமை. "எங்க தாத்தா ரெண்டு மூட்டையைச் சேத்துத் தூக்குவாரு" என்று கதை சொல்கிறோம். அந்தத் தாத்தாவின் கடைசிப் பத்து வருஷம் எப்படிப் போனது என்பதைச் சொல்வதில்லை.

இதைச் சொல்லும்போது உழைப்பின் மேல் உள்ள கர்வத்தை நான் கேலி செய்யவில்லை. நம் ஆட்கள் அடுக்கிய வைக்கோல்போர் மழைக்கு ஒழுகாது. நட்ட வரிசை கோணாது. அந்தக் கர்வம் வேலையின் நேர்த்தியில் வருவது. அது நம்முடையது, யாரும் தந்ததில்லை. தாங்குவதில் வருகிற கர்வம் அப்படிப்பட்டதில்லை. அது ஏற்றி வைத்தவன் நமக்குப் போட்ட மாலை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பழைய பாட்டைகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் பாலம் மாதிரி போட்டிருப்பார்கள். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கம். தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் யார் கை உதவியும் இல்லாமல் நின்றபடியே சுமையை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். சுமக்கிறவன் நடுவழியில் இறக்கி வைப்பான், இறக்கி வைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. இன்றைக்குச் சுமைதாங்கி என்ற சொல்லை மனுசனுக்கு வைக்கிறோம். "அவன்தான் குடும்பத்துக்கே சுமைதாங்கி" என்று மெச்சுகிறோம். கல் செய்ய வேண்டியதை மனுசனைச் செய்யச் சொல்லிவிட்டு, கல்லைப் பிடுங்கிவிட்டோம். அந்த 32 அடி லாரிக்குள் சுமைதாங்கிக் கல் எங்கே இருக்கிறது? தண்ணீர் குடிக்கிற ஐந்து நிமிஷம்தான் அது. உட்காருகிற ஒரு ஸ்டூல்தான் அது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்களின் கால் வீக்கம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது.

சரி, புதுசாகப் போகிற பையன் என்னதான் செய்ய வேண்டும்? தாங்காதே, வேலையை விட்டுவிடு என்று சொல்வதற்கு நாம் யார்? அந்தக் காசில் அவனுடைய பஸ் செலவும் தங்கச்சியின் பீசும் இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "சுரண்டலுக்கு உடன்படாதே" என்று உபதேசிப்பது சுலபம். ஆனால் அவன் முன்னால் ஓர் அறக்கேள்வி இருக்கத்தான் செய்கிறது. அது அவனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள கேள்வி மட்டுமில்லை. அவனுக்கும் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் நடுவில் உள்ள கேள்வி.

விஷயம் இப்படி. புதுசாக வந்தவன் பயத்தில் வேகமாகச் செய்வான். பேர் வாங்க வேண்டும், நாளைக்கு வராதே என்று சொல்லிவிடக் கூடாது. முதல் வாரம் 250 பெட்டி இறக்கியவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு 320 இறக்குகிறான். அடுத்த நாள் 320 எல்லாருக்குமான கணக்காகிவிடுகிறது. ஐம்பது வயசு ஆளைக் கூப்பிட்டு, "நேத்து வந்த பையன் செய்யறான், உனக்கென்ன?" என்று கேட்கிறார்கள். அந்த ஆள் போன பிறகு அடுத்த புது ஆள் வருவான். அவனுக்கு 320 என்பது தொடக்கம். தாங்கிக்கொண்டது தன்னந்தனியாக நாம் காட்டிய பொறுமை என்று நினைக்கிறோம். அது அடுத்தவன் தலைக்கு ஏறுகிற சுமையாகிறது.

தஞ்சைப் பண்ணைகளில் மரக்கால் இரண்டு வகை. நெல்லை வாங்கி அளக்க ஒன்று, கூலி அளக்க இன்னொன்று. அளவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் ஆண்டைத்தனமே இருந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த கொடுமைக்குப் பின்னால் சங்கமும் கொடியும் கூலி நெல்லின் அளவும் இருந்தன. இன்றைக்கு ஸ்கேனர்தான் மரக்கால். எத்தனை பெட்டி என்பதையும், எத்தனை நிமிஷம் சும்மா இருந்தது என்பதையும் அது எண்ணுகிறது. ஆனால் நம் வேகத்தைத்தான் அது அளவாக எடுத்துக்கொள்கிறது. நாம் கொடுக்காத அளவை அதனால் எண்ண முடியாது. ஆகவே வேகம் என்பது தனி ஆளின் சாமர்த்தியம் இல்லை. கூட இருக்கிறவர்களோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டிய பொதுச் சொத்து. வரிசையில் இருப்பதிலேயே மெதுவானவர் எவ்வளவு தாங்குவாரோ, அதுதான் வரிசையின் அளவு. நடவு வயலில் பெண்கள் இப்படித்தான் வரிசை பிடிக்கிறார்கள். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு குத்து சேர்த்து நட்டு வரிசையை நேராக்கிவிடுவாள். அதற்கு யாரும் சங்கம் என்று பேர் வைக்கவில்லை.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். வரட்டும். ‘எல்லாரும் ஒண்ணாப் போவோம்’ என்று கூப்பிடுகிறார்களே, அந்த எல்லாரில் நாம் எப்போது சேர்ந்தோம்? 1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சேரவில்லை. அது புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக முடிந்தது. வெளியே ஒன்றாக உட்காரச் சம்மதிக்காதவர்கள், வேலையை நிறுத்தும்போது மட்டும் ஒன்றாக நிற்கக் கூப்பிட்டால் என்ன பதில் வரும்? பம்பாய் நெசவாலைகளில் தறிப் பிரிவில் தீண்டத்தகாதவர்களுக்கு வேலை கிடையாது. நூலை வாயால் தொட வேண்டியிருக்கும், எச்சில் பட்டால் தீட்டு. நல்ல கூலி இருந்ததும் அந்தப் பிரிவில்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கத்தோடு மல்லுக்கு நின்றார். 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசியபோது, பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே எதிரி என்றார். ரயில்வேயில் நம் ஆட்களுக்குத் தண்டவாள கேங்மேன் வேலைதான் கிடைக்கிறது, போர்ட்டர் வேலைகூட அரிது, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று விளக்கினார். சுமை தூக்குவதற்குள்ளேயும் ஓர் ஏணி இருந்தது.

ஆகவே குடோனுக்குள் போனவுடன் கவனிக்க வேண்டியது எத்தனை பெட்டி என்பதை மட்டுமில்லை. லாரியின் உள்மூலையில் யார் நிற்கிறார்கள்? ஸ்கேனர் யார் கையில் இருக்கிறது? கனமான பக்கத்துக்குப் புது ஆளைத் தள்ளுவது யார்? எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்ட பிறகு இடம் மாறுகிறதா? பொது வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்த இடங்களைச் சுழற்சியில் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். உள்மூலையை ஆளுக்கு அரை மணி என்று பங்கு போடாத ஒற்றுமை நமக்கு வேண்டாம்.

இதே நியாயம் நம்மையும் கேட்கும். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் அதே லாரிக்குள் நிற்கிறார்கள். அவர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் உண்டு. "அவனுங்க தாங்குவானுங்க, பன்னெண்டு மணி நேரமும் நிப்பானுங்க" என்று நம் பையன்கள் சிலர் சொல்வது காதில் விழுகிறது. யார் யாரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது? நம் தாத்தாவைப் பார்த்து ஆண்டை சொன்னதல்லவா? மொழி மட்டும்தான் மாறியிருக்கிறது. தாங்குவான் என்ற சொல்லை அடுத்தவன் மேல் எறிகிற நாளில் நாம் ஆண்டையின் திண்ணைக்குக் குடிபோய்விடுகிறோம்.

2024 மே மாதம் அரியானாவின் மானேசரில் அமேசான் குடோன் ஒன்றில் நடந்தது செய்தியாக வந்தது. 24 அடி லாரிகள் ஆறை இறக்கி முடிக்கிற வரைக்கும் கழிப்பறைக்கும் தண்ணீர் குடிக்கவும் போக மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்திருக்கிறார்கள். வடக்கே வெயில் கொளுத்திய நேரம் அது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே எடுத்துக்கொண்டு மத்திய அரசின் தொழிலாளர் துறைக்கு நோட்டீஸ் அனுப்பியது. எனக்கு அதில் உறுத்துவது அந்தச் சத்தியம்தான். வேலை வாங்கினால் போதாதா, சத்தியம் எதற்கு? சத்தியம் வாங்கிவிட்டால் தண்ணீர் குடிக்கப் போகிறவன் விதியை மீறியவன் இல்லை, வாக்குத் தவறியவன். அவன் தாகமே அவனுக்குக் குற்றமாகிவிடும். தாங்குவதை அறமாக மாற்றுகிற வேலை இப்படித்தான் நடக்கிறது.

கலிபோர்னியாவில் 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள். குடோன் தொழிலாளிக்கு எவ்வளவு இலக்கு என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையையும் கழிப்பறைக்குப் போவதையும் தடுக்கிற மாதிரி இலக்கு வைக்கக் கூடாது. நேரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த மாதிரி வேகத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இது ஆரம்பம். நேரத்தைக் கொண்டுவந்ததே லேசில் நடக்கவில்லை. 1946இல் வாரத்துக்கு 54 மணி நேரம் 48 ஆகக் குறைந்தபோது அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மே நாளில் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவிக்க வேண்டி வந்தது. கேட்டால்தான் கிடைக்கும், சத்தம் போட்டால்தான் நிற்கும்.

எங்கள் காலனிப் பையன் கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். தம்பி, வீடியோவைக் கேள். பெல்ட் காலியாக ஓடினால் ஓடட்டும், அந்தக் காலி இடம் உன் குற்றம் இல்லை, ஆள் பற்றாக்குறை. ஆனால் இதைத் தனியாகச் செய்யாதே, தனியாகச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். முதலில் பக்கத்தில் இருக்கிறவரோடு பேசு. மேல் அடுக்கை முதலில் இறக்கு, இழுக்காதே, தள்ளு, கனமானதுக்கு இரண்டு கை கேள். தாகம் எடுக்கிறதுக்கு முன்னாலேயே தண்ணி குடி. அடிபட்டால் அந்த ஷிப்டு முடிவதற்குள் எழுதிக் கொடு, ஒரு பிரதி உன்னிடம் வை. இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேள். ஒரு சின்ன நோட்டில் தேதி, மணி, எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று எழுதிக்கொண்டே வா. அவர்கள் மரக்காலுக்கு எதிராக நம் கையில் ஒரு மரக்கால் வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. கூட்டம் போட்டு உடலரசியல் பேசுகிற நாம், ராத்திரி பத்தரை மணிக்கு ஷிப்டு விடும்போது குடோன் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த நோட்டுகளை வாங்கிப் படிக்க வேண்டும். இந்தி தெரிந்த தோழர் ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மனுக்களை எழுதித் தர வேண்டும். பழகிடும் என்று தைலம் தேய்க்கிற அம்மாவிடம் வேறு வார்த்தை இல்லாததால்தான் அவள் அதைச் சொல்கிறாள். வேறு வார்த்தையைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் கடன். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு புதுப் பையன் அந்த லாரிக்குள் ஏறப்போகிறான். அவனுக்கு எத்தனை பெட்டி என்பது இன்றைக்கு ராத்திரி உள்ளே இருக்கிறவர்கள் என்ன பேசி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.